நாயும் நரியும் நடுவே ஓர் உண்ணியும்

நாய்க்குப் பகைவர் யார் யார் என்று கேட்டால் நம்மில் யாரும் தயங்காமல் ஒரு ஜாபிதா ஒப்பித்து விடுவோம். காட்டிலே சிறுத்தை, புதரிலே பாம்பு, தெருவிலே மோட்டார் வண்டி, ஒரு காலத்தில் முனிசிபாலிடியின் கூண்டு வண்டி. பல்லும் நகமும் சக்கரமும் உள்ள பகைவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் நாயை அழைத்துக்கொண்டு காட்டோரமோ, பூங்காவோ, புல்வெளியோ போய்த் திரும்புகிறவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய பகைவனுக்கு ஓடத் தெரியாது, தாவத் தெரியாது, பறக்கத் தெரியாது. புல் நுனியில் ஏறி உட்கார்ந்து காத்திருக்கத்தான் தெரியும். அதன் பெயர் உண்ணி.

எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! உண்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. பட்டினி கிடக்கும்போது எள்ளளவு இருக்கும். இரத்தம் குடித்து உப்பிய பிறகு ஆமணக்கு விதை போல் ஆகிவிடும். இந்த ஒற்றுமை நமக்கு மட்டும் தோன்றியதல்ல. பழைய ரோமாபுரிக்காரர்கள் உண்ணிக்கு 'ரிஸினஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆமணக்குச் செடிக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். சாஸ்திர நூல்களில் ஆமணக்குக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

எருமையின் முதுகில் ஏறிக்கொண்டு உண்ணி பொறுக்கும் காக்கையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாட்டுக்குச் சொந்தக்காரனும் சும்மா இருப்பதில்லை. தொழுவத்தில் குந்தியபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவான். ஆனால் இந்தப் பூச்சியால் நேரும் நஷ்டம் ஒரு சொட்டு இரத்தம் என்றுதான் உலகம் வெகு காலம் எண்ணிக் கொண்டிருந்தது. அது எடுத்துக்கொண்டு போவதைவிடக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பெரிது என்று தெரிந்துகொள்ள மனிதன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெரிந்துகொண்ட அந்தக் கதையில் அமெரிக்கா வருகிறது, தென்னாப்பிரிக்கா வருகிறது, வியட்நாம் வருகிறது. நம்முடைய சென்னைப் பட்டணத்துக் கிண்டியும் வருகிறது.

*

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே தெற்கு மாகாணங்களிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போவது வழக்கம். ஓட்டிப் போன தெற்கத்தி மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவை நடந்து போன புல்வெளியில் பிறகு மேய்ந்த வடக்கத்தி மாடுகள் ஜுரம் கண்டு, சிறுநீர் சிவந்து, கும்பல் கும்பலாகச் செத்தன. "எல்லாம் இந்த உண்ணியால் வருகிற வினை" என்று மாடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். படித்தவர்களில் தியோபால்ட் ஸ்மித் என்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் கில்போர்ன் என்ற கால்நடை வைத்தியரும் வேலி போட்ட வயல்களில் சில வருஷம் பொறுமையாகச் சோதனை செய்தார்கள். தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கத்தி மாடுகளோடு சேர்த்துக் கட்டினார்கள்; நோய் பரவவில்லை. மாடே இல்லாத வயலில் உண்ணிகளை மட்டும் கொண்டுபோய்த் தூவி, அதில் வடக்கத்தி மாடுகளை மேயவிட்டார்கள், நோய் வந்தது.

1893இல் அவர்கள் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்துச் சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒரு நுண்ணுயிரை உண்ணி சுமந்து வருகிறது என்பது ருசுவாயிற்று. கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் துள்ளிக் குதித்தது 1897இல். அதற்கு நான்கு வருஷம் முன்பே, பூச்சி கடித்து நோய் பரவும் என்ற பேருண்மையை இந்த அற்பப் பிராணி மனிதனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது.

மாட்டுக்கு இப்படியென்றால் நாய்க்கு?

தென்னாப்பிரிக்காவில் கேப் காலனியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஆசை ஆசையாக வளர்த்த நாய்கள் காமாலை கண்டு, ஈறு வெளுத்து, சில நாட்களில் மடிந்துகொண்டிருந்தன. லவுன்ஸ்பரி என்ற பூச்சியியல் நிபுணர் அதை ஆராய்ந்து 1901இல் ஒரு விசித்திரத்தைக் கண்டார். நோயுற்ற நாயின் இரத்தத்தைக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து குஞ்சு வருகிறது. அந்தக் குஞ்சு கடித்தால் நோய் வரவில்லை. அது வளர்ந்து இளம் பருவத்தில் கடித்தாலும் வரவில்லை. முழு வளர்ச்சி அடைந்த பிறகு கடித்தால்தான் வந்தது. தாய் குடித்த விஷத்தை மகள் பிறவியிலேயே சீதனமாகப் பெற்று, பருவம் வரும்வரை பத்திரமாக வைத்திருந்து, பிறகு வேறொரு வீட்டு நாய்க்குக் கொடுக்கிறாள்! நாவலாசிரியர்கள் மூன்று தலைமுறைப் பழி வாங்கும் கதை எழுதினால் நம்பாத வாசகர்கள் இதை நம்பித்தான் ஆக வேண்டும்.

*

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆங்கிலேயர் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒன்று அவர்களுடைய வேட்டை மோகம். குதிரை மீது ஏறி, கொம்பு ஊதி, இருபது முப்பது நாய்களை முன்னே விட்டு நரியைத் துரத்துவது அவர்களுடைய ஊர் வழக்கம். அந்த ஊர்ச் செந்நரி இங்கே இல்லை. அதனால் என்ன? நம் ஊர்க் குள்ளநரி இருக்கிறதே! உதகமண்டலத்துப் புல்வெளிகளில் ஒரு வேட்டைக் கூட்டம் தோன்றியது; சென்னையிலும் 'மெட்ராஸ் ஹண்ட்' என்று ஒன்று இருந்தது. வேட்டைக்கு உரிய சாதி நாய்களை வைத்துப் போஷித்தார்கள். கோடை வெயில் ஒரு பக்கம் அவற்றை வாட்டியது. காரணம் தெரியாத ஜுரம் மற்றொரு பக்கம் வாட்டியது.

அந்தக் காலத்தில் நாய் நோய் என்றால் வெறிநோய் ஒன்றுதான் எல்லோருக்கும் கவலை. அதில் தவறில்லை, மனித உயிரையும் குடிக்கிற நோய் அல்லவா? வெறிநாய்க் கடிக்கு மருந்து போட 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தையே திறந்தார்கள். ஆனால் ஓசைப்படாமல் நாயை மட்டும் கொல்லும் நோயைப் பற்றி விசாரிக்க யார் இருந்தார்கள்?

இருந்தார்கள். கிண்டியிலே கிங் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்மைப்பால் தயாரிக்கும் இடமாகப் பிறந்து வளர்ந்தது அது. 1904 வாக்கில் அதன் பொறுப்பை ஏற்றவர் கிறிஸ்டோபர்ஸ் என்ற ராணுவ வைத்தியர். பிற்காலத்தில் மலேரியா ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்று, சர் பட்டம் வாங்கி, நூற்று நான்கு வயது வரை வாழ்ந்து 1978இல் காலமானவர். கிண்டியில் இருந்தபோது அவர் கவனம் சென்னைத் தெரு நாய்களின் மீது விழுந்தது. அவற்றின் இரத்தத்தில் இருந்த கிருமி, நாயின் காதிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணியின் உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது, எங்கே தங்குகிறது, எப்படி உருமாறுகிறது என்று மைக்ராஸ்கோப்பின் கீழே அடிக்கு அடி தொடர்ந்து பார்த்தார். 1907இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். யாரும் கல்லெடுத்து அடித்துவிட்டுப் போகிற ஒரு சொறிநாய் அந்த மேஜையின் மேல் வித்தையின் குருவாக இருந்தது.

அடுத்து வந்தது 1910. பாட்டன் என்ற மற்றொரு ராணுவ வைத்தியர் மெட்ராஸ் ஹண்ட் நாய்களின் இரத்தத்தைச் சோதித்தார். அதிலே கிறிஸ்டோபர்ஸ் பார்த்த கிருமியைவிடச் சிறியதாக, வேறு வடிவத்தில் ஒன்று தென்பட்டது. உலகத்தில் அதுவரை யாரும் வருணிக்காத கிருமி. அத்துடன் அவர் நிற்கவில்லை. அந்த நாய்கள் யாரைத் துரத்துகின்றன? நரியைத்தானே? நரியின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே கிருமி இருந்தது!

வேட்டையின் முழு அர்த்தமும் தலைகீழாகி விட்டது அல்லவா? கொம்பு ஊதிக் குதிரை மேல் போன துரைமார்கள் நாய் நரியைத் துரத்துகிறது என்று எண்ணிக் கொண்டிருந்தார்கள். நரி நடமாடிய அதே முட்புதர்களிலும் புல்லிலும் உண்ணிகள் காத்திருந்தன. நரி அந்தக் கிருமியோடு எத்தனையோ தலைமுறை கூடி வாழ்ந்து பழகிவிட்ட பிராணி. அது பெரிதாக ஒன்றும் பாதிக்கப்படாமல் ஓடித் திரியும். கடல் கடந்து வந்த சாதி நாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் இரத்தம் வெளுத்துப் போகும், மண்ணீரல் வீங்கும், நேற்றுவரை காற்றாய்ப் பறந்தது இன்று எழுந்து நிற்கத் தள்ளாடும்.

பாட்டன் கண்டு சொன்ன கிருமிக்கு இன்று 'பபீசியா கிப்ஸனி' என்று பெயர். ஜப்பானில், அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் எல்லாம் பிற்பாடு அதைக் கண்டார்கள். உடம்பிலிருந்து அடியோடு விரட்ட முடியாத முரட்டுக் கிருமி என்று இன்றைய கால்நடை வைத்தியர்களும் அலுத்துக் கொள்கிறார்கள். நல்லதோ கெட்டதோ, அதன் முதல் சரித்திரக் குறிப்பில் நம் சென்னையின் பெயர் இருக்கிறது.

மருந்து? 1909இல் கேம்பிரிட்ஜில் நட்டால் என்ற பேராசிரியரும் ஹாட்வென் என்பவரும் 'டிரைபான் நீலம்' என்ற சாயத்தை நாயின் உடம்பில் ஊசியால் ஏற்றினார்கள். முதலில் சொன்ன பெரிய கிருமி அதற்குப் பணிந்தது. நாயின் ஈறும் தோலும் நீல நிறமாகிவிடும். ஆனால் நாய் பிழைக்கும். நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதையை நாம் குழந்தைப் பருவத்தில் கேட்டிருக்கிறோம். அந்த நரிக்கு நீலத்தால் ராஜ்யம் கிடைத்தது. இந்த நாய்களுக்கு உயிர் கிடைத்தது. சிறிய கிருமியோ நீலத்துக்கு மசியவில்லை.

*

இத்துடன் கதை முடிந்திருந்தால் சுபம் என்று எழுதிவிடலாம். ஆனால் உண்ணியின் பையில் இன்னொரு சரக்கும் இருந்தது.

1935இல் அல்ஜீரியாவிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் உண்ணி மொய்த்த சில நாய்கள் நோயுற்றன. டோனாசியன், லெஸ்டோகார் என்ற இரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அவற்றின் இரத்தத்தைப் பார்த்தார்கள். சிவப்பு அணுக்களில் ஒன்றுமில்லை. வெள்ளை அணுக்களுக்குள்ளே பொடிப் பொடியாய் ஒரு கிருமிக் கூட்டம் குடியிருந்தது. 1945இல் அதற்கு 'எர்லிக்கியா' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டியதோடு உலகம் அதை ஏறக்குறைய மறந்தும் விட்டது.

மறந்ததை நினைவூட்ட ஒரு யுத்தம் வந்தது. 1963இல் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களுக்குப் புதிதாக ஒரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் அதே நோய் வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ நாய்களையும் பிடித்துக் கொண்டது.

அந்த நாய்கள் என்ன வேலைக்குப் போனவை தெரியுமா? அடர்ந்த காட்டில் சிப்பாய்களுக்கு முன்னே நடந்து, ஒளிந்திருக்கும் எதிரியையும், புதைத்து வைத்த கண்ணியையும், காலில் இடறும் கம்பியையும் மோப்பத்தால் கண்டு நின்று எச்சரிப்பவை. பின்னால் வருகிறவன் உயிர் முன்னால் போகிற நாயின் மூக்கில் இருந்தது. அந்த மூக்கிலிருந்தே ஒருநாள் இரத்தம் வழிய ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அல்சேஷன் சாதி நாய்கள் அதிகமாக விழுந்தன. 1968 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கும் மேலான ராணுவ நாய்கள் இப்படி மாண்டன. அல்ஜீரியாவில் கண்ட அதே கிருமிதான், பழுப்பு உண்ணியின் முதுகில் ஏறிவந்து வேலை செய்கிறது என்று ராணுவ ஆராய்ச்சியாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். டெட்ராசைக்ளின் என்ற சாதாரண மருந்தைத் தினம் சிறிது கொடுத்தால் நோய் அண்டாது என்பதும் தெரிந்தது. சிப்பாயின் உயிரைத் துப்பாக்கியிடமிருந்து காத்த நாய்க்கு எள்ளளவு உண்ணியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வழி தெரியவில்லை. வழி தெரிந்திருக்க வேண்டியவன் மனிதன்.

இதன் பிறகு நடந்ததை எழுதவே மனம் வரவில்லை. ஆனாலும் சரித்திரம் என்று எழுத உட்கார்ந்தால் ஒளிக்கக் கூடாது. வியட்நாம் யுத்தத்தில் ஏறக்குறைய 4,000 நாய்கள் அமெரிக்கச் சேனையில் பணி செய்தன. ஊர் திரும்பியவை சுமார் 200. மற்றவற்றில் போரிலும் நோயிலும் மாண்டவை போக, மீதியைத் தென் வியட்நாம் சேனையிடம் ஒப்படைத்தார்கள், அல்லது ஊசி போட்டு உயிரைப் போக்கினார்கள். சர்க்கார் கணக்குப் புத்தகத்தில் நாய் ஒரு தளவாடம். கூடாரம், மண்வெட்டி, கயிறு, நாய். வேலை முடிந்தால் உபரிச் சாமான். திருப்பி அழைத்து வராததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவை காட்டு நோயைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்துவிடும் என்பது. காட்டுக்கு அவற்றை அழைத்துப் போனது யார் என்று கேட்க அந்த வாயில்லாப் பிராணிகளால் முடியவில்லை. தங்கள் நாயை விட்டுவிட்டுக் கப்பலேறிய சிப்பாய்கள் பலர் அந்தத் துக்கத்தைக் கிழப்பருவம் வரை சுமந்தார்கள். ஓய்வு பெறும் ராணுவ நாய்களை வீட்டில் வைத்து வளர்க்கக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2000ஆம் ஆண்டில்தான். அந்தச் சட்டத்துக்கு 'ராபி' என்ற ஒரு நாயின் பெயரையே வழங்குகிறார்கள்.

எர்லிக்கியாவின் யாத்திரை இன்னும் முடியவில்லை. வெகு காலம் அது எட்டிப் பார்க்காத பூமியாக இருந்த ஆஸ்திரேலியாவிலேயே 2020இல் அதைக் கண்டார்கள். வட பகுதி நாய்களிடையே பரவி அங்கேயும் பல உயிர்களைக் குடித்தது.

*

வாசகர்களில் நாய் வளர்ப்பவர்கள் இந்நேரம் தங்கள் நாயின் காதைப் புரட்டிப் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். கிளம்புங்கள், அதைவிட நல்ல காரியம் வேறில்லை. ஆனால் இரண்டு சமாசாரங்களைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

முதலாவது, உண்ணியின் சுபாவம். அதன் முன்னங்கால்களில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதுதான் அதற்கு மூக்கு. சூடான உடம்பும் மூச்சுக் காற்றும் அருகே வருவதை அந்தக் காலாலேயே முகர்ந்து தெரிந்து கொள்ளும். காட்டு உண்ணி புல் நுனியில் ஏறி, இரண்டு கைகளை நீட்டி யாசகன் போல் நின்று, உரசிக்கொண்டு போகிற பிராணியின் மயிரைப் பற்றிக் கொள்ளும். பிறகு மெல்லிய தோல் தேடி ஏறும்: காதின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், கால் விரல்களின் நடுவே, வாலின் அடியில். பழுப்பு உண்ணிக்குக் காடுகூட வேண்டாம். ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சுகமாகக் குடித்தனம் நடத்தும். ஆகாரம் இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, பிடுங்கும் விதம். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் குச்சியால் சுடுவது, விரலால் நசுக்குவது எல்லாம் வேண்டாம். அவஸ்தையில் உண்ணி தன் வயிற்றிலுள்ளதை நாயின் உடம்புக்குள்ளேயே கக்கி வைக்கக்கூடும். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். சீக்கிரம் எடுப்பதில் பெரும் லாபம் உண்டு. சில கிருமிகள் உண்ணியிலிருந்து நாய்க்கு இறங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். உண்ணியை அண்டவிடாத மாத்திரையும் கழுத்துப் பட்டையும் இந்நாளில் கிடைக்கின்றன. கால்நடை வைத்தியரைக் கேட்டு உபயோகிக்கலாம். காட்டுக்கோ பூங்காவுக்கோ போய் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து நாய் சோறு வேண்டாம் என்றால், ஜுரம் அடித்தால், ஈறு வெளுத்தால், சிறுநீர் காப்பி நிறமானால், மூக்கில் இரத்தம் கண்டால், "வெயில் சூடு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். வேளையோடு தெரிந்தால் பெரும்பாலும் காப்பாற்றியும் விடலாம்.

இந்த நாலு வரி யோசனையை நான் இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். ஆனால் இதில் ஒவ்வொரு வரிக்கும் விலை கொடுத்தவை நாய்கள். கேப் காலனியின் காமாலை நாய்கள், சென்னைத் தெருவின் சொறிநாய்கள், துரைமார்களின் வேட்டை நாய்கள், அல்ஜீரியாவில் மடிந்தவை, வியட்நாம் காட்டிலே மூக்கில் இரத்தம் வழிய நின்றவை. ஆராய்ச்சி செய்தவர்களின் பெயர்களைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. இந்த நாய்களின் பெயர்களை யாரும் குறிக்கவில்லை.

புல்வெளிக்குப் போக வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமல்ல. நாய்க்கு ஓட்டம் வேண்டும். புல்லின் வாசனை வேண்டும். நரியோ முயலோ போன தடத்தை மூக்கால் படிக்கும் ஆனந்தம் வேண்டும். அதை மறுப்பது பாவம். போய் வாருங்கள். திரும்பி வந்ததும் நாம் கால் அலம்பிக்கொள்ள எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு பங்கு நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, காதிலிருந்து வால் வரை விரலால் ரோமத்தைக் கோதிப் பாருங்கள். அது நம்முடைய கொஞ்சல் என்றே நாய் நினைத்துக் கொள்ளும். நினைத்துக் கொள்ளட்டுமே!